பாட வீடியோவை எங்கே ஏற்றுவது: யூடியூபிலா, பல்கலைக்கழக சர்வரிலா?

வீடியோவில் யார் முகமும் குரலும் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆசிரியரும் ஸ்லைடும் மட்டும் என்றால் யூடியூபில் பப்ளிக்காகவே போடுங்கள். ஐஐடி பேராசிரியர்களின் இலவச என்பிடெல் பாடங்கள் சிறு ஊர்க் கல்லூரி வரை போய்ச் சேர்ந்தது அப்படித்தான். மாணவர் கேள்வி கேட்கிறார், மதிப்பெண் பட்டியல் திரையில் தெரிகிறது, நோயாளி வருகிறார் என்றால் லாகின் கேட்கும் இடம்தான் சரி.

பலரும் ஏமாறுவது யூடியூபின் 'அன்லிஸ்டட்' செட்டிங்கில். அது தேடலில் வராது, அவ்வளவுதான். லிங்க் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2017க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை 2021 ஜூலையில் யூடியூபே பிரைவேட்டாக மாற்றியது. வேண்டாம் என்று உரிமையாளர் முன்கூட்டியே சொல்லாதவை எல்லாம் மாறின, பாடப் பக்கங்களில் இருந்த லிங்குகளும் வேலை செய்யாமல் போயின. பிரைவேட்டில் மின்னஞ்சல் கொடுத்து 50 பேரைத்தான் அழைக்க முடியும். 60 பேர் வகுப்புக்கு அது உதவாது.

பப்ளிக் என்றால் சப்டைட்டில் வேலையையும் கணக்கில் சேருங்கள். செவித்திறன் குறைந்தோருக்குச் சப்டைட்டில் சரியில்லை என்று அமெரிக்க நீதித்துறை 2016இல் சொன்ன பிறகு, பெர்க்லி பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பாடப் பதிவுகளை லாகினுக்குப் பின்னால் கொண்டுபோனது. பெரிய இழப்பு அது. சேனலைப் பேராசிரியரின் சொந்தக் கணக்கில் தொடங்கவே கூடாது. அவர் ஓய்வு பெற்றால் சாவியும் அவரோடு போய்விடும். போன் எண்ணைச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது.

பேனாப்டோ, கால்டுரா போன்ற பாட வீடியோ சேவை வாங்க நிதி இருந்தால், கல்லூரிகள் பாடப் பக்கங்களை நடத்தும் மென்பொருளான மூடிலோடு அதை இணைத்துவிடலாம். பாடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் வீடியோ திறக்கும்படி வைக்கலாம். நிதி இல்லாமல் மூடிலிலேயே ஏற்றினால் கோப்பின் அளவுதான் சிக்கல். நொடிக்கு 5 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று பதிவானால் ஒரு மணி நேர வீடியோ 2.25 ஜிபி, 60 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் சர்வர் 300 எம்பிபிஎஸ் தள்ள வேண்டும். யூடியூப் போல நெட் வேகத்துக்கேற்ப மூடில் தரத்தைக் குறைத்தும் தராது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி, 1.5 எம்பிபிஎஸ் என்று மாற்றுங்கள்: 675 எம்பி, 90 எம்பிபிஎஸ் போதும். 'வெப் ஆப்டிமைஸ்டு' பெட்டியில் டிக் செய்ய மறக்காதீர்கள். எம்பி4 கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில் இருந்தால், படம் தொடங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கலாம். இந்த டிக் அதை முன்னால் கொண்டுவருகிறது.

கூகுள் டிரைவ் என்றால் 'லிங்க் உள்ள எவரும்' என்பதை எடுத்துவிட்டு நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள், டவுன்லோடையும் அணைத்துவையுங்கள். அனுப்பும் முன் இன்காக்னிட்டோ ஜன்னலில் லிங்கைத் திறந்து பாருங்கள். லாகின் கேட்காமல் படம் ஓடினால், பகிர்வு செட்டிங்கைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.