ஜோபர்க்ல நம்ம ஊர் சாப்பாடு தேடுறது எப்படி: கடையை விடுங்க, மாஸ்டரைப் பிடிங்க

தென்னாப்பிரிக்கால ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கத்துல இருக்கிற செஞ்சூரியன்ல குடியேறி நாலு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் முழுக்க "சவுத் இந்தியன்"னு போர்டு போட்ட கடையா தேடிப் போய் ஏமாந்தேன். மசால் தோசைக்குள்ள பச்சைப் பட்டாணி, சாம்பார்னு ஒரு கிண்ணத்துல சீரகம் மிதக்குற தக்காளி சூப். அம்மா வந்திருந்தப்ப ஒரு ஸ்பூன் குடிச்சுட்டு "இதுல பருப்பு எங்கடா?"ன்னு கேட்டாங்க, அதோட சரி, வீட்டுக்கு வந்து ரசம் வெச்சு சாப்பிட்டோம். அப்புறம் நானா ஒரு வழி கண்டுபிடிச்சேன், புதுசா வர்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

ஸ்டெப் 1: "இந்தியன் ரெஸ்டாரன்ட்"னு தேடாதீங்க, பட்டர் சிக்கன்தான் வரும். பலகாரத்து பேரைப் போட்டு தேடுங்க. கேரளான்னா ஆப்பம், மீன் மொய்லி. ஆந்திரான்னா கோங்குரா, பெசரட்டு. குஜராத்தின்னா உந்தியு. நம்ம பக்கம்னா பொங்கல், குழி பணியாரம், சுக்கா. பொங்கல் போடுற கடைக்காரன் யாரையோ மனசுல வெச்சுத்தான் போடுறான், சும்மா மெனுவை நிரப்ப யாரும் பொங்கல் போட மாட்டாங்க. தோசையை மட்டும் நம்பாதீங்க, அது எல்லா கடைலயும் இருக்கு. இதுக்கு எனக்கு கூகுள் மேப்ஸ்தான். இன்ஸ்டா ரீல்ஸ்ல சீஸ் உருகுறது மட்டும்தான் தெரியும். உபர் ஈட்ஸ், மிஸ்டர் டின்னு ரெண்டு டெலிவரி ஆப்பும் முழு மெனுவைப் படிக்க நல்லா இருக்கும், ஆனா தோசையை மட்டும் அதுல ஆர்டர் பண்ணிடாதீங்க, டப்பால வேர்த்து ரப்பராத்தான் வந்து சேரும்.

ஸ்டெப் 2: ரிவ்யூவை "புதுசு முதல்ல"ன்னு மாத்திட்டு படிங்க. நான் அடி வாங்கினது இங்கதான். ஒரு கடைக்கு 4.6 ஸ்டார், "காரைக்குடிலயே சாப்பிட்ட மாதிரி இருக்கு"ன்னு பத்து பேர் எழுதிருக்காங்க, நானும் குடும்பத்தோட அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய் செட்டிநாடு கோழி சொன்னேன். வந்தது முந்திரி அரைச்சு க்ரீம் ஊத்தின ஏதோ ஒண்ணு. கல்பாசி வாசனையே இல்ல, மிளகு மேல தூவி இருந்துச்சு. பரிமாறின தம்பிகிட்ட மெதுவா கேட்டேன். "அண்ணா, அந்த மாஸ்டர் விசா முடிஞ்சு ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு"ன்னான். போர்டு அதேதான், மெனு அதேதான், ஸ்டாரும் அதேதான், கை மட்டும் மாறிடுச்சு. அன்னைலருந்து ஆறு மாசத்துக்கு முந்தின ரிவ்யூவை நான் படிக்கிறதே இல்ல. ஒண்ணு ரெண்டு ரிவ்யூ தமிழ்லயோ மலையாளத்துலயோ இருக்கும், அதை மேப்ஸ் மொழிபெயர்த்துக் காட்டும், ஒரிஜினலைத் திறந்து படிங்க, திட்டுனா கூட விவரமா திட்டிருப்பாங்க.

ஸ்டெப் 3: போன் பண்ணுங்க. "ஒரிஜினல் டேஸ்டா?"ன்னு கேட்டா எவன் இல்லன்னு சொல்வான்? "மாஸ்டர் எந்த ஊரு, இன்னைக்கு அவர் இருக்காரா, மாவு இருக்கா?" இந்த மூணு கேள்வி போதும். ஊர் பேரை டக்குனு சொன்னா கிளம்பலாம். "இந்தியாதான் சார்"னு இழுத்தா வண்டியை எடுக்காதீங்க.

மாவுன்னதும் ஒண்ணு சொல்லணும். ஜோபர்க் கடல் மட்டத்துலருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, ஜூன் ஜூலைல ராத்திரி நல்ல குளிர், மாவு புளிக்கவே புளிக்காது. அப்ப இட்லி கல்லு மாதிரி வந்தா கடைக்காரரைத் திட்டாதீங்க, பொரோட்டா சாப்பிட்டுட்டு வாங்க.

ஸ்டெப் 4: முதல் தடவை ஒரு ஐட்டம் மட்டும் சொல்லுங்க. கூட வர்ற சட்னியே மீதியைச் சொல்லிடும்.

ஜோபர்க்ல இந்தியக் கடைங்க நிறைஞ்ச ஃபோர்ட்ஸ்பர்க்ல நம்ம பக்கத்து சாப்பாட்டைத் தேடி அலையாதீங்க, அங்க குஜராத்தி கையும் பாகிஸ்தானி கையும்தான் ஓங்கி இருக்கும். ஆனா ஓரியன்டல் பிளாசால ஒரு சமோசா சாப்பிடாம வராதீங்க. பக்கத்துல இருக்கிற பேஜ்வியூலருந்து இந்திய வியாபாரிகளை இனவெறி அரசு கிளப்பி விட்டப்ப அவங்களுக்குன்னு கட்டின இடம் அது.

அப்டேட்: முதல்ல இதுல "டர்பன் கறி ஒரிஜினல் கிடையாது"ன்னு ஒரு வரி எழுதிருந்தேன். டர்பன்ல நம்மாளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்துல பிறந்து வளர்ந்த ஒரு அக்கா பிடிச்சு வாங்கிட்டாங்க. "தம்பி, 1860ல மெட்ராஸ்லருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் வந்துச்சு, எங்க பாட்டி வீட்டு அம்மில அரைச்சதை நீங்க டூப்ளிகேட்டுன்னு சொல்றீங்களா?" அவங்க சொன்னது நியாயம், வரியை எடுத்துட்டேன். அது தனி வட்டாரச் சமையல்: செக்கச்செவேல்னு எண்ணெய் மிதக்கும், ஆட்டுக்கறில உருளைக்கிழங்கு கட்டாயம், கறிவேப்பிலை கொல்லைல பறிச்சது. பனி சௌ (bunny chow) வாங்கினா "குவாட்டர் மட்டன்"னு கேளுங்க, கால் ரொட்டியைக் குடைஞ்சு கறி ஊத்தித் தருவாங்க, குடைஞ்சு எடுத்த ரொட்டியை முதல்ல தொட்டுச் சாப்பிடணும், கரண்டி கேட்டா சிரிப்பாங்க. அக்கா சொன்ன இன்னொரு குறிப்பு: மெனுல பிரியாணின்னு இல்லாம "ப்ரெயானி"ன்னு இருந்தா அது டர்பன் வழி, அரிசியோட மைசூர் பருப்பும் கிடக்கும். நான் மொதல்ல பாத்தப்ப பருப்பு சாதத்தைக் கலந்து குடுத்துட்டாங்கன்னு சண்டை போட்டிருக்கேன். புரட்டாசில டர்பன் போனா அங்க நிறைய நம்மாளுங்க வீட்டுல கறியே கிடையாது, கடைல பீன்ஸ் பனி கேளுங்க.

இன்னொரு அப்டேட்: மிட்ரேண்ட் பக்கம் நான் எல்லாருக்கும் சொல்ற கடைல இருக்கிற தலச்சேரி மாஸ்டருக்கு அடுத்த மாசக் கடைசில விசா முடியுது. பொரோட்டாவும் பீஃப் வறுவலும் சாப்பிடணும்னா அதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க, சனிக்கிழமை சாயங்காலம் அவர் கண்டிப்பா இருப்பாரு, நான் போன் பண்ணி கேட்டாச்சு.