மைக்ரோவேவ் அடுப்பில் தீப்பொறி கிளப்பிய கேரட்

பொரியலுக்காகச் சிறு சதுரங்களாக நறுக்கிய கேரட்டையும் பீன்ஸையும் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு மைக்ரோவேவ் அடுப்பை இயக்கிய சில நொடிகளிலேயே பொறிகள் பறந்து, துண்டுகளின் ஓரங்கள் கருகின. அடுப்பின் உட்சுவரில் உள்ள மைக்கா தகட்டைத் துடைத்தேன், பின்னர் புதிதாகவே மாற்றினேன். கிண்ணத்தையும் மாற்றிப் பார்த்தேன். பொறி நிற்கவில்லை. ஆனால், ஒரு கோப்பைத் தண்ணீரை மட்டும் வைத்தால் அது எந்தச் சிக்கலுமின்றிக் கொதித்தது. ஆகவே கோளாறு அடுப்பில் இல்லை.

கதவின் வழியே உற்றுக் கவனித்தபோது, கூரிய முனையுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்தில் மட்டுமே பொறி எழுவது தெரிந்தது. காயில் உள்ள நீரும் தாது உப்புகளும் மின்சாரத்தை ஓரளவு கடத்துவதால், அந்த மெல்லிய இடைவெளியில் மின்புலம் குவிகிறது. திராட்சைப் பழங்கள் இவ்வாறு பொறி கக்குவதற்கான காரணத்தைக் கனடா நாட்டு இயற்பியலாளர்கள் 2019-இல் விரிவாக விளக்கியுள்ளனர்.

துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, பாதித் திறனில் வேகவிட்டதும் பொறி அறவே நின்றது, பெரும் நிம்மதி. காய் வேக முன்பைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. உப்பை வெந்த பிறகே சேர்க்கிறேன்.