தொடக்ககால ஆங்கில நாடகங்களின் அருஞ்சொற்களைப் படிக்கும் முறை

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களைப் படிப்பவர், முன்பின் கண்டிராத சொற்களைவிடத் தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களிடமே மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். 'பெட்டார்ட்' என்ற சொல்லைக் கண்டதும் எவரும் அகராதியைப் புரட்டி, அது கோட்டைக் கதவைத் தகர்க்கும் சிறு வெடிகலம் என்று அறிந்துகொள்வார். ஆனால் 'லெட்' என்பதை யாரும் தேடுவதில்லை. ஆவியைப் பின்தொடரவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ளும்போது, தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவதாக ஹாம்லெட் மிரட்டுகிறான்; இக்காலப் பொருளில் 'அனுமதிப்பவன்' என்று கொண்டால் காட்சியே தலைகீழாகிவிடும், ஏனெனில் அங்கே அச்சொல்லின் பொருள் 'தடுத்தல்'. ஜூலியட் கேட்கும் 'வேர்ஃபோர்' என்பதும் 'எங்கே' அன்று, 'ஏன்' என்பதே. 'பிரசன்ட்லி' பெரும்பாலும் 'உடனே' என்று பொருள்படும்.

ஆகவே முதல் வாசிப்பில், வாக்கியம் சூழலோடு முரண்படும் இடங்களைக் கோடிட்டுக்கொண்டு, பிறகு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைப் பாருங்கள்; ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தருவதால், நாடகம் எழுதப்பட்ட காலத்தில் எந்தப் பொருள் வழக்கில் இருந்தது என்பதை அதில் காணலாம்.

'தௌ', 'யூ' என்னும் முன்னிலைச் சொற்களைத் தமிழர் எளிதில் உணர்வர்; அவை ஏறத்தாழ நம் 'நீ', 'நீங்கள்' போன்றவை. ஒரே உரையாடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில், பெரும்பாலும் சினமோ நெருக்கமோ தலைகாட்டும்.