ஒரே பாஷ்ஆர்சி, இரண்டு கணினி

சாட்ஸ்வொர்த் வீட்டில் டெஸ்க்டாப், உம்லாங்கா அலுவலகத்தில் லேப்டாப். இரண்டிலும் ஒரே ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் நிரல்) அமைப்பு, அதாவது பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பு ஒன்றே வேண்டுமென்றால் பென் டிரைவில் நகலெடுத்துத் திரியாதீர்கள். பத்தே நாளில் எது புதியது என்று தெரியாமல் போகும். ஹோமுக்குள் (உங்கள் கணக்கின் சொந்த ஃபோல்டர்) டாட்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் கிட்டை (git, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தொடங்குங்கள். அசல் கோப்புகள் அங்கே, ஹோமில் அவற்றைச் சுட்டும் லிங்க் மட்டும்.

பழைய பாஷ்ஆர்சியை அழிக்காமல் எம்வி (mv) போட்டு வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, லிங்க் உருவாக்க எல்என் -எஸ் (ln -s) கொடுங்கள். அசலின் பாதை ஸ்லாஷில் தொடங்கி முழுதாக இருக்கட்டும். அரைகுறைப் பாதை கொடுத்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, லிங்க் இருக்கும் இடத்திலிருந்து அது கணக்கிடப்படும். எங்கும் போகாத லிங்க்தான் மிஞ்சும். எல்எஸ் -எல் (ls -l) போட்டு அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

மேக் வைத்திருப்போர் கவனிக்க: 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இயல்பாக வருவது பாஷ் அல்ல, இஸட்ஷெல்தான் (zsh). அங்கே அதன் அமைப்புக் கோப்பான இஸட்எஸ்எச்ஆர்சியை (.zshrc) லிங்க் செய்ய வேண்டும்.

கடவுச்சொல், ஏபிஐ கீ, அலுவலக ப்ராக்ஸி எதுவும் கிட்டுக்குள் போகக்கூடாது. அவற்றை ஹோமில் தனிக் கோப்பில் வைத்து, இருந்தால் மட்டும் படிக்கும்படி பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

மற்றக் கணினியில் செய்த மாற்றங்களை இழுத்துப் புதுப்பிக்கும்போது கிட் புல், கூடவே --எஃப்எஃப்-ஒன்லி (--ff-only). இரண்டு கணினியிலும் தனித்தனியாகத் திருத்தியிருந்தால் தானாகக் கலக்காமல் நின்றுவிடும். பிறகு பாஷ் -என் (bash -n) போட்டு பாஷ்ஆர்சியைச் சோதியுங்கள். அது இலக்கணப் பிழையை மட்டுமே பிடிக்கும். தவறான பாத் (PATH, நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) அதன் கண்ணில் படாது. அதனால் இருக்கும் டெர்மினலை மூடாமல் புதிதாக ஒன்று திறந்து பாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) மூலம் வேலை செய்தால் இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பிழையான கோப்போடு வெளியே வந்தால் மறுபடி நுழைவதே சிக்கலாகலாம்.

பாஷ்ஆர்சியில் அழகுக்காக, திரையில் எழுத்தைக் காட்டும் எக்கோ வரி போடுவது வேண்டாம். கணினிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபி, ஆர்சிங்க் இரண்டும் அந்த எழுத்தைத் தரவென்று எடுத்துக்கொண்டு உடைந்துவிடும்.

யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், கிட் ஓடும்போதே லோட் ஷெடிங் வந்தால், கரண்ட் திரும்பியதும் 'இன்டெக்ஸ்.லாக் ஏற்கெனவே இருக்கிறது' என்று கிட் அடம்பிடிக்கலாம். ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் (ps) போட்டு வேறு கிட் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குங்கள்.

இன்னொன்று: லினக்ஸில் sed -i (கோப்பிலேயே எழுத்தை மாற்றும் கட்டளை) கொண்டு ஹோமிலிருக்கும் பாஷ்ஆர்சியைத் திருத்தினால் லிங்க் போய், அங்கே சாதாரணக் கோப்பு உட்கார்ந்துவிடும். அடுத்த கிட் புல் எதையும் மாற்றாதது போலத் தோன்றினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.