இதயத் தசை சிலைடில் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஈசூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவள் மகள் மடிக்கணினியைத் திருப்பி ஒரு சிலைடு படத்தைக் காட்டினாள். "சித்தி, குறுக்கே கோடு தெரியுது, உட்கரு ஓரத்துல இருக்கு. எலும்புத் தசைதானே?"

இல்லை, இதயத் தசை. திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவள் பார்த்தது தசைச் செல்லின் உட்கருவே அல்ல. நார்களுக்கு இடையே நெருக்கமாக ஓடும் இரத்த நுண்குழாய்களின் சுவர்ச் செல்லுக்கு உரியது. அது மெலிந்து, கறுத்து, நாரின் ஓரத்தில் ஒட்டினாற்போல் தெரியும். இதயத் தசைச் செல்லின் சொந்த உட்கரு நடுவில், முட்டை வடிவில், வெளிறி இருக்கும். பெரும்பாலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. வயதானவர்களுக்கு அதன் இரு முனைகளிலும் பழுப்புத் துகள்கள் சேர்ந்திருக்கும். அது வயதின் தடம்தான், நோய் இல்லை.

அப்புறம் நார் கிளை பிரிகிறதா என்று பாருங்கள். செல்லோடு செல் சேரும் இடத்தில், குறுக்கே படிக்கட்டு போல ஒரு கருங்கோடு இருக்கும். சாயப் பிசகு என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் இடைத்தட்டு. அங்கே டெஸ்மோசோம்கள் என்ற பிணைப்புகள் செல்களைப் பிய்ந்துபோகாமல் பிடித்துக்கொள்கின்றன. இடைவெளிச் சந்திகள் மின்தூண்டலை அடுத்த செல்லுக்குக் கடத்துகின்றன. இதயத் தசை முழுவதும் ஒரே தொடர் செல் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தட்டின் இருபுறமும் தனித்தனிச் சவ்வு இருப்பதை 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டியது.

டெஸ்மோசோம் புரதத்தின் மரபணு பழுதானால் செல்கள் பிடி தளர்ந்து மடியும். அங்கே நார்த்திசுவும் (தழும்புத் திசு) கொழுப்பும் சேரும். விளையாட்டுத் திடலில் இளைஞர்கள் திடீரெனச் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதைப் படித்த கையோடு, வலது கீழறைச் சுவரில் கொழுப்பைக் கண்டதுமே அந்த நோய் என்று எழுதிவிடக் கூடாது. வயதானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் அங்கே கொழுப்பு இருப்பது சாதாரணம். தசை அழிந்து நார்த்திசு வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இதய உட்சவ்வுக்கு அடியில் பருத்து வெளிறிய செல்கள் தெரிந்தால் சிதைவு என்று பதறாதீர்கள். மின்தூண்டலைக் கடத்தும், கிளைக்கோஜன் (சேமித்த சர்க்கரை) நிறைந்த பர்கின்ஜி நார்களாக இருக்கலாம்.

மாரடைப்பில் செய்யும் தவறுதான் உயிரைத் தொடுகிறது. இரத்தம் நின்று 20 முதல் 40 நிமிடங்களில் செல்கள் மீள முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். ஆனால் வழக்கமான சாயமிட்ட சிலைடில் முதல் சில மணி நேரம் எதுவும் தெரியாது. மாரடைப்பைக் கண்டறிய இரத்தத்தில் தேடும் ட்ரோபோனின் என்ற தசைப் புரதமும் அப்படித்தான், செத்த செல்லிலிருந்து கசிந்து ஏற நேரம் பிடிக்கும். மருத்துவர் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லும்போது, முதல் சோதனை சரியாக இருந்ததே என்று கிளம்பிவிடாதீர்கள். நடுராத்திரி நெஞ்சு இறுகினால், பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்காமல், சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கான 995ஐ அழையுங்கள்.

மாரடைப்புக்குப் பின் முதல் சில நாள்களில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் செத்த தசையில் குவியும். ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை மேக்ரோஃபேஜ்கள் செத்த தசையைத் தின்று அகற்றும்; தழும்பு இன்னும் உருவாகியிருக்காது. வலி போய் நோயாளி தெம்பாக இருக்கும் அதே நாள்களில்தான் சுவர் மிக மென்மையாக இருக்கிறது. பக்கத்து புளோக் மாமா ஒருவர், மாரடைப்புக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே தேக்காவிலிருந்து பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மின்தூக்கி அருகே பையை வாங்கிக்கொண்டு, தழும்பு இறுக இரண்டு மாதம்போல் ஆகும் என்றேன். "அப்படியாம்மா" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.