சேனல் பாத் இனாக்டிவ் என்று வந்தால் செய்யக் கூடாதவை

மெயின்ஃபிரேமில் ஒரு பாத் (டிவைஸுக்குத் தரவு போய்வரும் வழி) இனாக்டிவ் என்று தெரிந்ததும் பலருடைய கை நேராக வேரி கட்டளைக்கு (பாத்தை ஆன்லைன், ஆஃப்லைன் ஆக்குவது) போகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இனாக்டிவ் என்று சொன்னது யார்? விடாம் (நெட்வொர்க் மென்பொருள்) சொல்கிறதா, எக்ஸ்சிஎஃப் (சிஸ்டம்களுக்கிடையே செய்தி அனுப்பும் பகுதி) சொல்கிறதா, ஐஓஎஸ் (இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் உள்ளீடு, வெளியீட்டைக் கவனிக்கும் பகுதி) சொல்கிறதா? விடாம் இனாக்டிவ் என்று காட்டும்போது அடியில் சேனல் நல்ல நிலையில் இருக்கலாம். மேஜர் நோடை (விடாமில் இணைப்புகளின் வரையறைத் தொகுப்பு) ஆக்டிவேட் செய்ய யாரோ மறந்திருப்பார்கள். அங்கே போய் சிப்பிடை (சேனல் பாத்தின் எண்; அந்தச் சேனலையும் இப்படியே சொல்வார்கள்) ஆஃப் செய்து ஆன் செய்தால், ஓடிக்கொண்டிருந்த மற்ற டிவைஸ்களுக்கும் சேர்த்துத் தொல்லை.

ஐஓஎஸ் பக்கம்தான் பிரச்சினை என்றால் 'டி எம்=டெவ்' கட்டளையை டிவைஸ் எண்ணோடு கொடுங்கள். ஒவ்வொரு சிப்பிடுக்கும் மூன்று வரிகள் வரும்: பாத் ஆன்லைன், சிஎச்பி பிசிக்கலி ஆன்லைன், பாத் ஆபரேஷனல். முதல் வரியோடு நிறுத்திவிடுவதுதான் மிக அதிக நேரத்தை விழுங்கும் தவறு. முதல் வரியில் மட்டும் 'என்' (இல்லை) இருந்தால் அந்த டிவைஸுக்கான பாத்தை யாரோ ஆஃப்லைன் செய்திருக்கிறார்கள். வேரி பாத் போதும். நடு வரியில் 'என்' என்றால் சிப்பிடே ஆஃப்லைனில் இருக்கிறது. அங்கே வேரி உதவாது, கான்ஃபிக் சிஎச்பி கட்டளைதான் வேண்டும். நடு வரி 'ஒய்' (ஆம்) ஆக இருந்தும் ஆபரேஷனல் வரியில் 'என்' வந்தால் கேபிள், சுவிட்ச் போர்ட், கன்ட்ரோல் யூனிட் (டிவைஸ்களைக் கட்டுப்படுத்தும் கருவி), ஐஓசிடிஎஸ்ஸில் (சேனல், டிவைஸ் அமைப்பின் வரையறை) கொடுத்த லிங்க் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள். எத்தனை முறை வேரி அடித்தாலும் 'நாட் ஆபரேஷனல்' என்ற பதில்தான் திரும்பி வரும்.

சிடிசி இணைப்பில் (இரண்டு சிஸ்டம்களைச் சேனல் வழியாக இணைப்பது) ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். எம்பிசி (ரீட், ரைட் பாத்கள் சேர்ந்த விடாம் இணைப்பு) என்றால் இந்தப் பக்கத்து ரீட் முகவரி அந்தப் பக்கத்து ரைட் முகவரியோடு சேர வேண்டும். இரண்டு பக்கமும் ரீட் என்று எழுதிவிட்டால் டிவைஸ்கள் ஆன்லைனில் இருக்கும், ஆனால் எம்பிசி எழவே எழாது. எக்ஸ்சிஎஃப்பிலும் இப்படித்தான், இங்கே பாத்அவுட் (அனுப்பும் பாத்) இருந்தால் அங்கே பாத்இன் (பெறும் பாத்) இருக்க வேண்டும்.

அப்புறம், சிப்பிட் எண்ணையும் பிசிஎச்ஐடி எண்ணையும் (சேனலின் பிசிக்கல் இடத்தைக் குறிப்பது) குழப்பிக்கொள்வது. பல சேனல் சப்சிஸ்டம் (சேனல்களின் தொகுதி) உள்ள கணினியில் ஒரே சிப்பிட் எண் இரண்டு சப்சிஸ்டத்திலும் இருக்கலாம், கார்டு வேறு வேறாக இருக்கும். தவறான கேபிளைப் பிடுங்குவது இப்படித்தான் நடக்கிறது.

கான்ஃபிக் ஆஃப்லைன் மறுக்கப்பட்டதும் ஃபோர்ஸ் சேர்த்து அடிப்பது என்னை உண்மையாகவே பயமுறுத்தும் பழக்கம். பெரும்பாலும் ஏதோ ஒரு டிவைஸுக்கு அதுவே கடைசி பாத் என்பதால்தான் சிஸ்டம் மறுக்கிறது. ஃபோர்ஸ் கொடுத்தால் டிவைஸ் பயன்பாட்டில் இருந்தாலும் பாத் போய்விடும். எச்எம்சியில் (மெயின்ஃபிரேம் வன்பொருளை நிர்வகிக்கும் கன்சோல்) நேராக சேனலை ஆஃப் செய்வதும் இதே வகைதான். முதலில் அந்தச் சிப்பிடைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா எல்பார்களிலும் (ஒரே கணினியைப் பிரித்த பகுதிகள்) இசட்/ஓஎஸ் வழியாக ஆஃப்லைன் செய்யுங்கள்.

எதையும் ரீசெட் செய்வதற்கு முன் 'டி எம்=சிஎச்பி', 'டி எம்=டெவ்' காட்டிய வெளியீட்டையும் சிஸ்லாகில் (சிஸ்டம் பதிவேடு) ஐஓஎஸ்450இ (பாத் ஆஃப்லைன் ஆனது என்ற செய்தி) வந்த நேரத்தையும் எடுத்து வையுங்கள். சுவிட்ச் லாகில் அதே நேரத்தில் அந்த போர்ட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சின் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடலாம், அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.