தலைமை அலுவலகத்து சிஎஸ்ஆர் திட்டத்தை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

பன்னாட்டு நிறுவனத்தில் சிஎஸ்ஆர், அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்பு வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கைக்கு வருவது தலைமை அலுவலகம் அனுப்பிய திட்டம்தான். தண்ணீர், சுகாதாரம், பெண் கல்வி என்று எல்லா நாட்டுக்கும் ஒரே தலைப்பு. தலைப்பு இருக்கட்டும், உள்ளே என்ன என்பதை ஊருக்குப் போய்விட்டு எழுதுங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவும் உங்கள் பக்கம்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்பதோடு, தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அது சொல்கிறது.

காலை 11 மணிக்குக் கூட்டம் போடாதீர்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள், வந்து உட்காரும் நாலு பெரியவர்கள் சொல்வதே ஊர்க்கருத்து ஆகிவிடும். சாயங்காலம் போங்கள், தலித் மக்கள் வாழும் காலனிக்குத் தனியாகப் போங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு நிறுவனத்துக்காகக் குடிநீர் இயந்திரத்தைக் கோயில் பக்கம் வைத்தோம், இடம் வசதியாக இருந்தது, ஆனால் அந்தத் தெருவுக்குள் குடத்தோடு வரக் காலனிப் பெண்களுக்கு முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பழையபடி கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மனது உறுத்துகிறது.

ஏரி தூர்வாரும் வேலை என்றால் காலண்டரைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வேலை நடக்க வேண்டும். தலைமை அலுவலகம் ஜனவரி முதல் டிசம்பர் கணக்கில் ஐப்பசியில் பணம் விடுவித்தால் ஏரியில் தண்ணீர்தான் நிற்கும். முதல் ஆளாக, மதகு திறப்பவரோடு கரையில் நடந்து பாருங்கள். அவரைச் சில ஊரில் நீர்க்கட்டி, சில ஊரில் நீர்பாய்ச்சி என்பார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவர் கைகாட்டுவார்.

பிரசாரம் என்றால் மொழிபெயர்த்த போஸ்டர் போதாது. 2013 அலகாபாத் கும்பமேளாவில் லைஃப்பாய் என்ன செய்தது தெரியுமா? கை கழுவினீர்களா என்ற கேள்வியை இந்தியில் ரொட்டி மேலேயே சூடு முத்திரையாகப் பதித்தது. சாப்பிடக் கை நீட்டும் அந்த நொடியில் கேள்வி கண்ணில் படும். அங்கே ரொட்டி, சரி, உங்கள் ஊரில் எது என்று ஊருக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

கடைசியாக, திட்டத்தைக் கிராம சபையில் தமிழில் வாசியுங்கள். மார்ச் 22, மே 1 என்று ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது, சாவி யாரிடம் என்பது வரை தீர்மானத்தில் எழுதி வாங்கிய பிறகு இயந்திரத்துக்கு ஆர்டர் போடுங்கள்.